சடைநாய்க்கு வீட்டுக் குளியல்: ஆனைமலையிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஆனைமலைப் பக்கம் தோப்புச் சாளைகளில் முன்னெல்லாம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, இல்லாவிட்டால் ஊர் நாய்தான் இருக்கும். ஒரு போசித் தண்ணியை ஊற்றினால் உதறிக்கொண்டு ஓடும், அரை மணியில் காய்ந்துவிடும். இப்போது வீதிக்கு நாலு வீட்டில் ஸ்பிட்ஸ், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் என்று சடைநாய்கள் வந்துவிட்டன. இதுகளின் ரோமத்துக்குள் தண்ணீர் போவதும் கஷ்டம், போனது வெளியே வருவதும் கஷ்டம். பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுகிற செலவு நமக்கு வேண்டாம். குளிப்பாட்டுவது கால் மணி வேலை. அதற்கு முன்னால் சீவுவதும் பின்னால் காய வைப்பதும்தான் உண்மையான வேலை என்று தெரிந்துகொண்டால் வீட்டிலேயே அருமையாகச் செய்யலாம்.

1. நாயின் முதுகு முடியைப் பிரித்து வாயால் ஊதிப் பாருங்க. தோல் உடனே தெரிந்தால் ஒற்றை அடுக்கு. பஞ்சு மாதிரி ஒன்று மறைத்தால் அதுதான் அடிரோமம். பொமரேனியன் என்று நாம் கூப்பிடுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், அதற்கு இந்த அடிரோமம் நன்றாகவே உண்டு. முடி குட்டையாகத் தெரிகிற லாப்ரடாருக்கும் உண்டு.

2. மாதம் ஒரு குளியல் போதும், ஒன்றரை மாதம் ஆனாலும் தப்பில்லை. வாரா வாரம் சோப்புப் போட்டால் தோலில் ஊறுகிற எண்ணெய்ப் பசை போய்ச் செதிலும் அரிப்பும் வரும். ஷாம்புச் செலவும் நமக்கு மிச்சம்.

3. வெயில் ஏறின பத்து மணிக்கு ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் அடிரோமம் வரைக்கும் காயும். வேலைக்குப் போய் வந்து சாயங்காலம் குளிப்பாட்டலாம் என்று நினைக்காதீங்க, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வையுங்க.

4. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு ஆனி, ஆடியில் வீசுகிற காற்று இருக்கிறதே, மழை இல்லாத நாளில் அது காசில்லாத டிரையர். காற்று வருகிற திண்ணையில் நாயைக் கட்டினால் பாதி வேலை அதுவே பார்த்துக்கொள்ளும். வாசல் மண்ணில் மட்டும் கட்டிவிடாதீங்க, புழுதியெல்லாம் ஈர முடியில் அப்பிக்கொள்ளும்.

5. தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குளியல். தடுப்பூசி போட்ட இரண்டு நாளைக்கும், இரண்டு மாதம் ஆகாத குட்டிக்கும் வேண்டாம். கழுத்தில் உண்ணிச் சொட்டு மருந்து விட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. பட்டால் மருந்துக் காசு வீண்.

6. சீவாமல் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீங்க. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்க. சிக்கு நனைந்து காய்ந்தால் கம்பளி மாதிரி இறுகிவிடும், அப்புறம் கத்தரிதான் கதி. உதிர்கிற அடிரோமத்தை முன்னாலேயே சீவி எடுத்துவிட்டால் ஷாம்பும் பாதி, தண்ணீரும் பாதி, காய்கிற நேரமும் பாதி.

7. மேலாகச் சீப்பை ஓட்டினால் மேல் முடி மட்டும் பளபளக்கும், உள்ளே சிக்கு அப்படியே இருக்கும். இடது உள்ளங்கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரு வரி, அதற்கு மேல் ஒரு வரி என்று தோல் தெரியத் தெரியச் சீவுங்க. பல் அகலமான இரும்புச் சீப்பு ஒன்று இருந்தால் போதும், நாலு வகை பிரஷ் வாங்க வேண்டியதில்லை.

8. சிக்கு விழுகிற இடங்கள் எல்லா நாய்க்கும் ஒன்றுதான்: காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, வாலடி, கழுத்துப் பட்டை உரசுகிற இடம். நேரமில்லாத வாரத்தில் இந்த ஐந்தை மட்டுமாவது சீவி விடுங்க.

9. சிக்கின் மேல் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி, விரலால் இரண்டு மூன்றாகப் பிளந்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சீவினால் வலிக்காமல் பிரியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே வெட்டுங்க. நாயின் தோல் மெல்லிசு, சிக்கோடு சேர்ந்து எழும்பி வரும். கத்தரி எளிதாகப் பட்டுவிடும்.

10. தோப்புக்குள் சுற்றுகிற நாய் நாயுருவி விதையையும் ஒட்டுப்புல்லையும் மேலெல்லாம் சுமந்துகொண்டு வரும். பிடித்து இழுக்காமல் அந்த இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நழுவ விடுங்க. சடைநாய்க்குத் தேங்காய் எண்ணெயின் வேலை அவ்வளவுதான். உடம்பெல்லாம் தேய்த்தால் மண் ஒட்டும், நாயும் நக்கி நக்கி வயிற்றால் போகும்.

11. சீவி எடுத்த முடியைக் குப்பைக்குழியில் போட்டால் மெதுவாக மட்கிவிடும். உண்ணி மருந்து போட்ட நாயின் முடியென்றால் காற்றில் பறக்க விடாதீங்க, குருவிகள் கூட்டுக்கு எடுத்துப் போகும். மருந்து குஞ்சுக்கு ஆகாது. தாளில் மடித்துக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்க.

12. வழவழப்பான டைல்ஸ் தரையில் நிற்க வைத்தால் கால் வழுக்கும், வழுக்கின நாய் அடுத்த முறை கிட்டவே வராது. துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கால்மிதியையோ நனைத்த சாக்கையோ விரித்து அதன்மேல் நிறுத்துங்க.

13. இரும்புச் சங்கிலி ஈரத்தில் துருப்பிடித்து வெள்ளை நாயின் கழுத்தில் மஞ்சளாக இறங்கும். தேங்காய்நார்க் கயிறு தோலை அறுக்கும். பழைய நூல் கயிறு ஒன்றைக் குளியலுக்கென்றே ஆணியில் மாட்டி வையுங்க.

14. ஷாம்பு, சொம்பு, துண்டு, பஞ்சு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகு நாயைக் கூப்பிடுங்க. பாதி நுரையில் விட்டுவிட்டு உள்ளே போனால், திரும்பி வரும்போது நாய் சமையலறையில் நிற்கும்.

15. ஒரு தட்டில் கெட்டித் தயிரைத் தடவி நாயின் முன்னால் வைத்தால் நக்கிக்கொண்டே நிற்கும். முடிந்ததும் இரண்டு சின்னத் தேங்காய்ச் சில்லு கொடுங்க. நாலு குளியலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே தானாக வந்து நிற்கிற நாய்களும் உண்டு.

16. தண்ணீர் உங்கள் முழங்கை மடிப்பில் பட்டால் சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீரே போதும், அடுப்பு மூட்ட வேண்டாம். வெயிலில் கிடந்த கறுப்பு ஹோஸ் பைப்பை நேரே நாய்மேல் திருப்பாதீங்க. உள்ளே நிற்கிற தண்ணீர் கொதிக்கும், ஒரு குடம் அளவு வெளியே போன பிறகு பிடியுங்க.

17. போர் தண்ணி உப்பாக இருந்தால் நுரை வராது, நுரை வரவில்லையென்று ஷாம்பை ஊற்றிக்கொண்டே இருப்போம். மழை பெய்கிற நாளில் ஓட்டுத் தண்ணீரை இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் அது மென்மையான தண்ணீர், கொஞ்ச ஷாம்பிலேயே பொங்கும். முழுக் குளியலுக்குப் போதாவிட்டாலும் கடைசி அலசலுக்காவது வைத்துக்கொள்ளுங்க, முடி விறைக்காது.

18. வாய்க்கால் பக்கத்தில் இருப்பதால் அதிலேயே இறக்கி விடலாம் என்று தோன்றும். தண்ணீர் திறந்து விட்டிருக்கும்போது பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் நாயையும் இழுக்கும், பிடிக்கப் போகிற ஆளையும் இழுக்கும். தேங்கி நிற்கிற வாய்க்கால் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். வேண்டவே வேண்டாம்.

19. தோப்புக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவிவிட்டு நாய்க்குப் பயன்படுத்தாதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் டேங்கிலும் குழாயிலும் மருந்து நிற்கும்.

20. காதில் தண்ணீர் போனால் சீழ் வைத்து, தலையை உதறிக்கொண்டே இருக்கும். கோலிக்குண்டு அளவில் பஞ்சை உருட்டிக் காதின் வாயில் மட்டும் வையுங்க. சின்னதாக வைத்தால் உள்ளே போய்விடும். இரண்டு பஞ்சு வைத்தோமா, இரண்டு எடுத்தோமா என்று எண்ணிக்கொள்ளுங்க.

21. முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுங்க. உடம்பு நனைந்ததும் தெள்ளுப்பூச்சிகள் தப்பித்துக் காதுக்கும் முகத்துக்கும் ஏறும், அந்த வளையம் அவற்றை மறிக்கும். முகத்துக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம், கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

22. மேல் முடி கூரை மாதிரி, தண்ணீரை வழித்து விட்டுவிடும். மேலெல்லாம் சொட்டச் சொட்ட இருக்கும்; பிரித்துப் பார்த்தால் தோல் உலர்ந்து கிடக்கும். பைப்பின் வாயைத் தோலோடு ஒட்டி வைத்து, முடிக்கு எதிர்த்திசையில் மெதுவாக நகர்த்துங்க, உள்ளே இறங்கும்.

23. ஷாம்பை அப்படியே ஊற்றினால் விழுந்த இடத்தில் கட்டியாக நிற்கும், அலசுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய தண்ணீர் பாட்டிலில் ஒரு பங்கு ஷாம்புக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுப் பீய்ச்சுங்க. அடிரோமத்துக்குள் ஓடும், ஒரு பாட்டில் ஷாம்பு பல மாதம் வரும்.

24. நாம் தலைக்குப் போடுகிற ஷாம்பு நாய்க்குச் சரிப்படாது. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். 5.5 சுற்றி இருக்கும். நாயின் தோல் கிட்டத்தட்ட 7. பாத்திரம் கழுவுகிற திரவமும் துணி சோப்பும் இதைவிட மோசம்.

25. உண்ணி ஷாம்புக்கு மட்டும் நம் கைக்கணக்கு ஆகாது, சீட்டில் போட்ட அளவுதான். பெரும்பாலானவை ஐந்து பத்து நிமிஷம் உடம்பில் ஊறினால்தான் வேலை செய்யும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்க. அந்த நேரத்தில் கால் விரல் இடுக்குகளில் நுரையைத் தேய்த்து விடுங்க, உண்ணி அங்கேதான் ஒளியும்.

26. மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைத் தொட்டு நாய்க்குப் பூசுகிற பழக்கம் கட்டுத்தரை உள்ள வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீங்க. மாட்டின் எடைக்குத் தயாரித்த மருந்து அது. பத்துக் கிலோ நாய் அதை நக்கினால் நுரை தள்ளி, கை கால் இழுத்து, உயிருக்கே ஆபத்தாகும். மண்ணெண்ணெயும் ஃபினாயிலும் அதே ரகம்தான்: தோலை எரிக்கும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். இத்தனை வருஷம் பூசினோம் ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியவங்க சொல்வாங்க, அதை நம்பி அடுத்த நாயைப் பணயம் வைக்க வேண்டாம்.

27. பட்டிப் பொங்கலன்று மாடுகளோடு சேர்த்து நாயையும் குளிப்பாட்டுவது நல்ல சந்தோஷம்தான். மாடு தேய்க்கிற நாரையும் பிரஷையும் நாய்க்குப் போடாதீங்க, கீறிவிடும். கலர்ப் பொடியும் வேண்டாம், நக்கியே தீர்க்கும்.

28. சீயக்காய்த் தூள் அடிரோமத்தில் மணலாகத் தங்கிவிடும், கண்ணில் பட்டால் எரியும். மஞ்சள் பூசினால் வெள்ளை ஸ்பிட்ஸ் பல நாளைக்கு மஞ்சள் ஸ்பிட்ஸ்தான்.

29. ஒரு கைப்பிடி வேப்பிலையைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிக் கடைசியாக ஊற்றினால் நாய் வாடை குறையும். உண்ணியை அது கொல்லாது. அதற்கென்று நம்பி இருந்துவிடாதீங்க.

30. நுரை போட ஐந்து நிமிஷம் என்றால் அலச பத்து நிமிஷம். தண்ணீர் தெளிவாக ஓடுகிறது என்று நிறுத்திவிடாமல், வயிற்றடியிலும் தொடையிலும் முடியைப் பிழிந்து பாருங்க, அங்கேதான் வழுவழுப்பு நிற்கும். குளித்த மறுநாளே நாய் சொறிந்தால், பெரும்பாலும் தங்கிப்போன ஷாம்புதான் காரணம்.

31. சாக்கடை வாயில் ஒரு பிடி தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி அடைத்து வையுங்க. தண்ணீர் போகும், முடியெல்லாம் நாரில் சிக்கிக்கொள்ளும். எடுத்து எறிந்தால் ஆயிற்று. நம் ஊரில் நாருக்கா பஞ்சம்?

32. சாதாரண ஷாம்புத் தண்ணீரைத் தென்னை வட்டப்பாத்தியில் விடலாம். உண்ணி மருந்து கலந்த தண்ணீரை வாய்க்காலிலோ மீன் தொட்டிப் பக்கமோ விடாதீங்க, மீனுக்கு விஷம். வீட்டில் பூனை இருந்தால் அதையும் தள்ளி வையுங்க; பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும்.

33. துண்டை எடுக்கும் முன்னால் முடி போகிற திசையில் கையால் வழித்துப் பிழிந்து விடுங்க, காலையும் வாலையும் முறுக்காமல் அமுக்குங்க. அப்புறம் இரண்டு அடி தள்ளி நின்று ஒரு முறை உதற விட்டால், துண்டு வேலையில் பாதி முடிந்தது.

34. புதுத் துவாலையைவிடப் பத்து வருஷம் உடுத்துப் பழசான வேட்டி நன்றாக ஈரம் இழுக்கும். நாலு துண்டாகக் கிழித்து மாற்றி மாற்றி ஒற்றி எடுங்க. அழுத்தித் தேய்த்தால் மறுபடி சிக்கு விழும், காலையில் சீவினதெல்லாம் வீண்.

35. நாம் தலை காய வைக்கிற டிரையரே போதும், ஆனால் சூடில்லாத காற்றில். ஒரு அடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், இன்னொரு கையால் சீவிக்கொண்டே போங்க. டிரையர் இல்லாவிட்டால் நிற்கிற ஃபேனை வைத்துச் சீவினாலும் காயும், நேரம்தான் கொஞ்சம் கூட ஆகும்.

36. மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதீங்க. காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் விரலை உள்ளே விட்டுப் பாருங்க, சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஸ்பிட்ஸை இப்படி அரைகுறையாக விட்டோம். மறுநாள் காதுக்குக் கீழே எட்டணா அளவில் சிவந்தது, அதற்கடுத்த நாள் உள்ளங்கை அளவுக்கு நீர் வடிகிற புண். முடியை வழித்து மருந்து போட்டு ஆற இரண்டு வாரம் ஆயிற்று. பாவம், அது பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, முழுசாகக் காயாமல் ஃபேனை நிறுத்துவதில்லை.

37. குளித்து முடித்ததும் எந்த நாய்க்கும் ஒரு உற்சாகம் வந்து களத்து மண்ணில் போய்ப் புரளும். கேட்டைச் சாத்தி, திண்ணையில் பழைய பெட்ஷீட்டை விரித்து விடுங்க, புரளுவதை அதில் புரளட்டும்.

38. கழுத்துப் பட்டையைத் தனியாகச் சோப்புப் போட்டு வெயிலில் காய வைத்து, நாய் காய்ந்த பிறகு மாட்டுங்க. அழுக்குப் பட்டையைத் திரும்பப் போட்டால் வாடை இரண்டு நாளில் வந்துவிடும்.

39. சேத்துமடை, ஆழியாறு மாதிரி மலையடிவாரத்தில் இருக்கிறவங்க, காயட்டும் என்று நாயை இருட்டின பிறகு வெளியே கட்டி வைக்காதீங்க. சிறுத்தைக்கு நாய் என்றால் விருப்பம். ராத்திரி உள்ளே படுக்க வையுங்க.

40. விடாமல் மழை பெய்கிற வாரத்தில் குளியலைத் தள்ளிப்போட்டு, காலை மட்டும் கழுவித் துடையுங்க. வாடை அடித்தால் கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி, கையால் உள்ளே விரவி, பத்து நிமிஷம் கழித்துச் சீவினால் எண்ணெயும் அழுக்கும் மாவோடு வரும். கடலை மாவு வேண்டாம், எறும்பு வரும்.

41. வெயில் காலத்தில் பாவமாக இருக்கிறதே என்று மொட்டை அடிக்காதீங்க. இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கும். வழித்தால் தோல் நேரே சூடு வாங்கும், முடியும் பல நாய்களுக்குப் பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக வரும். அடிரோமத்தைச் சீவி எடுத்தாலே உள்ளே காற்றோடும். பாதத்தின் இடுக்கிலும் வாலடியிலும் மட்டும் கொஞ்சம் கத்தரித்து விடலாம். ஷிட்ஸு மாதிரி, நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகிற முடியைத் தாராளமாக வெட்டலாம்.

42. குளித்து இரண்டு நாளில் மீன் கவிச்சி மாதிரி வாடை வந்தால் அது ஆசனவாய்ப் பக்கத்துச் சுரப்பியின் கோளாறு. காதிலிருந்து புளித்த வாடை வந்தால் காதுப் புண். இரண்டுக்கும் இன்னொரு குளியல் மருந்தாகாது, டாக்டரிடம் காட்டுங்க.

43. நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பின பெண் உண்ணி இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். அதனால் குளிப்பாட்டுகிற அன்றே நாய் படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு, சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுங்க. கண்ணில் பட்ட உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்க; நகத்தால் நசுக்காதீங்க.

44. நாயின் உடம்பு முழுக்க நம் கை படுகிற நாள் குளிக்கிற நாள்தான், அதனால் கட்டி, புண், உண்ணி எல்லாவற்றையும் அன்றைக்கே தேடிப் பாருங்க. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். ஈறு வெளுத்து, தீனி எடுக்காமல், காய்ச்சலோடு சோர்ந்து படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க.